பழைய காரைச் செப்பனிட்டு ஓராண்டு ஓட்டுவதா, இப்போதே புதுக் கார் வாங்குவதா?

வழித்துணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார். பெட்ரோல் வண்டி, கையால் கியர் மாற்றுவது. 12 ஆண்டுகளாக என்னிடமே இருக்கிறது, 1,58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுவரை வழியில் நின்றதில்லை. ஆனால் கடந்த இரண்டு மாதங்களாக, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. தரையில் ஒரு சொட்டும் விழுவதில்லை. சர்வீசுக்குக் கொடுத்தபோது, முன்பக்க ஷாக் அப்சார்பர்களும் கிளட்சும் தேய்ந்துவிட்டன என்றும், கூலண்ட் எங்கே போகிறது என்பதை எஞ்சினைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றும் மெக்கானிக் கூறினார்.

புதுக் காரின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், இந்தப் பழுதுகளுக்கு ஏறக்குறைய 6 ஆகும். இந்தக் காரை இன்று விற்றால் 12 கிடைக்கும். சேமிப்பில் 13 இருக்கிறது, மாதம் 1.25 வரை ஒதுக்க முடியும். விற்றால் கிடைப்பதில் பாதியைப் பழுதுக்குக் கொட்டுவது அறிவீனம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் வாங்க நினைக்கும் மாடலின் புதிய வடிவம் அடுத்த ஆண்டு வரும் என்ற பேச்சும் இருக்கிறது. மின்சாரக் கார்களின் விலை இன்னும் இறங்கும், அதுவரை பொறுத்திரு என்கிறார் என் தம்பி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தந்தையை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது இந்தக் காரில்தான். அவருக்கு ஒரு நாள் தவறினாலும் துன்பம். ஆகவே, வண்டி நின்றுவிடுமோ என்ற அச்சத்தோடு ஓராண்டு ஓட்ட எனக்கு மனமில்லை. அதே அச்சத்தால் தகுதிக்கு மீறிய கடனில் விழவும் விருப்பமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பட்டறை எழுதியது:

நண்பரே, தந்தையார் நலமாக இருக்க வேண்டுகிறேன். முப்பது ஆண்டுகளாக எஞ்சின் வேலை பார்ப்பவன் என்ற முறையில், என் கைக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று பழுதுகளும் ஒரே தரத்தவை அல்ல. கிளட்சும் ஷாக் அப்சார்பரும் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள். செருப்பின் அடி தேய்வதைப் போல அவை தேயும், மாற்றினால் முடிந்தது. 1,58,000 கிலோமீட்டரில் அவை தேய்ந்திருப்பதை வைத்து வண்டி கிழடாகிவிட்டது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. கிளட்ச் உண்மையிலேயே வழுக்குகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். வெறுமையான சாலையில் மேல் கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சி ஏறி, அதற்கேற்ப வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்தே ஏறினால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

என்னை உறுத்துவது கூலண்ட்தான். உங்கள் முடிவு முழுவதும் அதன் காரணத்தில்தான் தொங்குகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் காரைப் பற்றி யோசிப்பது, காய்ச்சலை அளக்காமல் மருந்து வாங்குவதைப் போன்றது. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, பழுதாகிக் கூலண்ட் எஞ்சினுக்குள் கசிந்து எரிகிறது என்றால் அது பெரிய வேலை. அந்த நிலையில் நான் உங்களை விற்கச் சொல்லிவிடுவேன். ரேடியேட்டரோ, ரப்பர் குழாயோ, கூலண்டைச் சுழலவிடும் வாட்டர் பம்பின் சீலோ கசிகிறது என்றால் அது சிறிய வேலை. சூடான எஞ்சின் மேல் கசிவது உடனே ஆவியாகிவிடுவதால், தரையில் சொட்டு விழாமலேயே மாதக்கணக்கில் குறைந்துகொண்டிருக்கும். உலர்ந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலண்டின் நிறத்திலோ ஒரு கறை மட்டும் படிந்திருக்கும்.

எஞ்சினைத் திறக்காமலே இதைப் பிரித்தறிய முடியும். முதலில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கைப்பம்பால் கூலண்ட் பாதைக்கு அழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா, எங்கே ஈரம் தெரிகிறது என்று பார்ப்பார்கள். அடுத்து, கூலண்ட் தொட்டியின் வாயில் நீல நிறத் திரவம் உள்ள ஒரு குழாயை வைத்து, மேலே தேங்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அப்படி மாறினால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்தான். கூடவே ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும், அதாவது பிஸ்டன் உள்ளே உண்டாக்கும் அழுத்தத்தையும், அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய் மூடியின் அடியில் மோர் போன்ற படலம் இருக்கிறதா, எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வருகிறதா என்பதையும் கவனியுங்கள். குளிர்ந்த காலையிலும் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் இவை இரண்டும் பழுதில்லாமலே சிறிதளவு தெரியும் என்பதால், இவற்றை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள்.

இந்தச் சோதனைகளுக்கு அரை நாள் போதும். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று உங்களுக்குச் சொன்னவர் அவற்றைச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். செய்யும் இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு காலையும் குளிர்ந்த எஞ்சினில் அளவைப் பார்த்து நிரப்புங்கள்; சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கவைக்க உங்கள் எஞ்சினில் இருப்பது டைமிங் செயினா, பெல்ட்டா? பெல்ட் என்றால் அதை என்றைக்கு மாற்றினீர்கள்? கையேட்டில் கிலோமீட்டருக்கும் ஆண்டுக்கும் ஒரு வரம்பு இருக்கும். எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. பல எஞ்சின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் தந்தையார் உடனிருக்கும்போது நடக்கவே கூடாதது அது.

கணக்கேடு எழுதியது:

பட்டறை ஐயா சொன்ன சோதனை முடியும்வரை எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம் என்பதை முதலில் வழிமொழிகிறேன். பணத்தின் பக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் விற்றால் கிடைப்பதில் பாதியைப் பழுதுக்குக் கொட்டுவதா என்ற உங்கள் வீட்டாரின் வாதம் எல்லா வீடுகளிலும் சொல்லப்படுகிறது; அது தவறான இரண்டு எண்களை ஒப்பிடுகிறது.

பழுதுக்கு ஆகும் 6 ஐ வண்டியின் 12 உடன் ஒப்பிடக் கூடாது. அந்த 6 ஐக் கொடுத்து நீங்கள் வாங்குவது ஓராண்டுப் பயணத்தை. ஆகவே, அதே ஓராண்டுப் பயணத்தைப் புதுக் காரில் வாங்கினால் என்ன ஆகும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். பொதுவாகப் புதுக் கார் முதல் ஆண்டிலேயே விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கிறது. உங்கள் அளவில் அது 20. இந்த இழப்புக்கு யாரும் ரசீது தருவதில்லை என்பதால் அது செலவாகவே நம் மனத்தில் பதிவதில்லை. பழுதுக்கு ரசீது வருவதால் அது மட்டும் உறுத்துகிறது.

இப்போது உங்கள் எண்களையே எடுத்துக்கொண்டு, குறையும் நிலுவைக்கு, அதாவது அடைத்தது போக மீதமுள்ள அசலுக்கு மட்டும், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துப் பார்த்தேன். இன்றே வாங்கினால் சேமிப்பு 13, பழைய வண்டி 12 போக 75 கடன். மாதம் சுமார் 1.21 கட்டினால் ஏழு ஆண்டுகளில் தீரும். வட்டி மட்டும் 26. மாறாக, பழுது பார்த்து ஓராண்டு ஓட்டினால், அந்த ஆண்டில் 15 சேரும், பழுதுக்கு 6 போகும், வண்டியின் மதிப்பு 12 இலிருந்து 10 ஆகக் குறையும் என்று கொள்வோம். வண்டியையும் சேர்த்துக் கையில் 32 இருக்கும், கடன் 68. மாதம் 1.23 வீதம் ஆறு ஆண்டுகளில் தீரும்; வட்டி 20. அதாவது இரண்டு வழியிலும் கடன் தீரும் நாள் ஒன்றே, வட்டியில் மிச்சமாகும் 6 பழுதுச் செலவை ஈடுகட்டிவிடுகிறது. சேமிப்பு, பழுது, கடன், வட்டி எல்லாம் சேர்த்து உங்கள் கையிலிருந்து போகும் மொத்தம் முதல் வழியில் 114, இரண்டாவதில் 116. அந்த 2 வித்தியாசத்துக்கு, கடன் தீரும் நாளில் ஓராண்டு இளமையான கார் உங்களிடம் இருக்கும்.

எனவே பொறுத்திருந்தால் பணம் கொழிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஓராண்டில் புதுக் காரின் விலை சற்று ஏறினால் இந்தச் சமநிலையும் சாயும். ஆனால் பழுது பார்ப்பது அறிவீனம் என்ற பேச்சுக்கு இடமில்லை என்பது இதிலிருந்து தெளிவாகும். கணக்கு எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயாதபோது, வண்டியின் உடல்நிலையையும் உங்கள் வீட்டுத் தேவையையும் வைத்தே முடிவெடுக்கலாம்.

கடன் வாங்கும் நாள் வந்தால் ஓர் எச்சரிக்கை. 5 சதவீத நிலையான வட்டி (ஃபிளாட் ரேட்) என்று ஒருவர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். நிலையான வட்டி என்பது நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம்வரை கணக்கிடப்படுவது. ஏழாண்டுக் கடனில் அந்த 5 சதவீதமும், குறையும் நிலுவைக்கான 9 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றே. மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலை எழுதியது:

காத்திருப்பதைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 இன் இறுதியில் நானும் புது மாடல் வரட்டும் என்று பொறுத்தேன். அதற்குள் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தது. 2021 இல் பல கார்த் தொழிற்சாலைகள் நாள்கணக்கில் உற்பத்தியை நிறுத்தின, முன்பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், பழைய கார்களின் விலைகூட ஏறியது. நான் எட்டு மாதம் பொறுத்ததற்குப் பயன், கூடுதல் விலையும் மேலும் ஒன்பது மாதக் காத்திருப்பும். அன்று என் தவறு காத்திருந்ததல்ல. எந்த நாள்வரை, எது நடந்தால் நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் காத்திருந்ததே தவறு.

புதிய வடிவம் வரும் என்ற பேச்சுக்காகப் பொறுக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்ட மாடலின் முதல் ஆண்டு வண்டிகளில்தான் மென்பொருள் கோளாறுகளும் பாகங்களின் குறைகளும் வெளிப்படுகின்றன; அவற்றைத் திருத்த ஓராண்டாவது ஆகிறது. முகப்பும் விளக்கும் மட்டும் மாறும் மாற்றம் என்றால் அதற்காகப் பொறுப்பதில் பொருளே இல்லை. பழைய வடிவம் விடைபெறும் மாதங்களில் கையிருப்பைத் தீர்க்கத் தள்ளுபடி தருவார்கள்; உங்களுக்குப் பயன்படுவது அந்தக் காலம்தான். ஆனால் அப்படி வாங்கினால், வண்டி எத்தனை மாதம் வெயிலில் நின்றது என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள்.

தம்பி சொல்லும் மின்சாரக் கார் விஷயத்தில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பேட்டரி விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக வீழ்ந்தது. ஆயினும் 2022 இல் லித்தியம் விலை உயர்ந்தபோது அது மீண்டும் சற்று ஏறியது; ஆண்டுதோறும் இறங்கியே தீரும் என்று கொள்ள முடியாது. உங்களைப் பொறுத்தவரை கேள்வி வேறு: வண்டி நிறுத்தும் இடத்தில் இரவில் மின்னேற்ற முடியுமா? முடியும் என்றால், வாரம் மூன்று நாள் ஒரே வழியில் சென்று திரும்பும் உங்களுக்கு மின்சாரக் கார் நன்றாகவே பொருந்தும். இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி கிடைத்தால் முழு அளவுக்கு மின்னேற்றுவதையும் அது தாங்கும். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் மின்னேற்ற வழியில்லை என்றால் இப்போதைக்கு அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

தேன்மழை எழுதியது:

மேலே எழுதியவர்கள் பணத்தையும் எஞ்சினையும் பேசிவிட்டார்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. கணக்கேடு ஐயா ஓராண்டுப் பயணத்துக்கு ஓராண்டுப் பயணம் என்று ஒப்பிட்டார். இரண்டு பயணமும் ஒரே அளவு பாதுகாப்பானதா என்பதை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை.

உங்கள் காரில் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். வளைவிலோ ஈரத்திலோ வண்டி வழுக்கத் தொடங்கும்போது, தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து அதை நேராக்கும் அமைப்பு இது. 1995 இல் முதன்முதலில் காரில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2014 நவம்பர் முதல் கட்டாயம். ஒற்றை வாகன விபத்துகளில் உயிரிழப்பு ஏற்படும் வாய்ப்பை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. 12 ஆண்டுக் காரில் இது இருக்கவும் கூடும், இல்லாமலும் போகலாம். எதிரே தடை வந்தால் தானாகவே பிரேக் போடும் வசதி உங்கள் வண்டியில் நிச்சயம் இருக்காது என்றே நினைக்கிறேன். ஐரோப்பாவில்கூட அது எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2024 ஜூலையில்தான்.

இதைச் சொல்லி உங்களை இன்றே வாங்க வைப்பது என் நோக்கமல்ல. நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் ஏர்பேக்குகளும் ஏற்கெனவே இருந்தால், ஓராண்டு பொறுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இல்லையென்றால், டயாலிசிஸ் முடிந்து தளர்ந்த நிலையில் பின்னிருக்கையில் சாய்ந்து வரும் ஒரு முதியவருக்காக, 20 வட்டியா 26 வட்டியா என்ற வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, இவை இரண்டும் உள்ள, மூன்று நான்கு வயதுடைய பழைய கார் ஒன்றைத் தேடுங்கள் என்பேன். முதல் சில ஆண்டுகளின் பெரும் விலை வீழ்ச்சியை வேறொருவர் ஏற்றிருப்பார். புதுக் கார், பழைய கார் என்ற இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பதை யாருமே சொல்லவில்லை. இன்னொரு சொல்: பொறுப்பதாக முடிவானால் ஷாக் அப்சார்பரைத் தள்ளிப்போடாதீர்கள். அது சொகுசுக்கான பாகம் என்று பலர் நினைக்கிறார்கள். டயரைச் சாலையில் பதிய வைத்திருப்பது அதுதான், தேய்ந்துவிட்டால் பிரேக் போட்டு நிற்கும் தூரமும் கூடும்.

வழித்துணை எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாள்களுக்குப் பின் நடந்ததைச் சொல்கிறேன்.

வேறொரு பட்டறையில் சோதனைகளைச் செய்தோம். நீலத் திரவம் நிறம் மாறவில்லை. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் சீராக இருந்தது. அழுத்தம் கொடுத்தபோது வாட்டர் பம்பின் அடியில் ஈரம் தெரிந்தது. அதைச் சுற்றி, ஐயா சொன்ன அதே உலர்ந்த கறை. டைமிங் பெல்ட்டை இதுவரை மாற்றியதே இல்லை என்பதைப் பழைய ரசீதுகளைப் புரட்டியபோது உணர்ந்தேன். கையேட்டின் வரம்பு இரண்டாண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. தந்தையோடு அந்தப் பெல்ட்டில் இத்தனை நாள் ஓடியிருக்கிறேன் என்பதை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை. என் எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான் என்பதால், ஒரே கூலியில் இரண்டையும் மாற்றினார்கள். ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டேன். கிளட்ச் வழுக்கவில்லை, அதை இப்போது தொடவில்லை. மொத்தத்தில் 6 க்குப் பதில் 4 தான் ஆனது.

நிலைத்தன்மைக் கட்டுப்பாடு வண்டியில் இருக்கிறது. தேன்மழை அம்மா சொன்ன பிறகுதான் அதற்கான விளக்கைச் சாவி போட்டவுடன் கவனித்தேன். ஆகவே, இன்றிலிருந்து பத்து மாதம் பொறுப்பதாக முடிவு செய்து, நாளைக் குறித்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அதற்குள் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பெரிய பழுது வந்தால் செலவு செய்யாமல் மூன்று வயதுக் கார் ஒன்றை வாங்குவோம். மாதம் 1.25 ஐத் தனிக் கணக்கில் போடத் தொடங்கிவிட்டேன். தவணை கட்ட முடியுமா என்பதற்கும் அதுவே ஒத்திகை.

பட்டறை எழுதியது:

மிக நல்ல செய்தி. பிரேக் ஆயிலையும் கேட்டு மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டாண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. புதுப் பம்ப் போட்ட பிறகு பாதைக்குள் தங்கிய காற்று வெளியேறும்போது கூலண்ட் ஓரிரு முறை இறங்கும். முதல் இரு வாரங்கள் தினமும் காலையில் பாருங்கள், அளவு ஒரே கோட்டில் நின்றுவிட்டால் பிறகு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.